போகாத மண்

முன்னொரு காலத்தில், மழை வந்தால் ஊரே வேலையைப் போட்டுவிட்டு வாசலில் நின்று வேடிக்கை பார்த்த காலத்தில், ஒரு கோட்டைக்குள் ஒரு நகரமும் அந்த நகரத்துக்கு ஓர் அரசரும் இருந்தார்கள். அரசர் பெயர் செண்பகவர்மர். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் ஓர் ஆசை வந்துவிட்டால் மாலைக்குள் அது நடந்தாக வேண்டும். நடக்காவிட்டால் அரண்மனையில் ஒருவருக்கும் சோறு இறங்காது.

அன்றைக்கு அந்த ஆசை மத்தியானச் சாப்பாட்டில் வந்தது. புடலங்காய்க் கூட்டை ஒரு வாய் வைத்த அரசர் முகத்தைச் சுளித்தார்.

“இது காயா, வைக்கோலா?”

பரிமாறியவர்கள் நடுங்கிப் போனார்கள். எதிர் இலையில் உட்கார்ந்திருந்த விகடகவி மருதப்பன் மட்டும் நிதானமாக இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டான்.

“காயைக் கோபிக்காதீர்கள், மகாராஜா. மூன்று நாள் வெயிலில் வண்டியில் வந்திருக்கிறது. நீங்களும் நானும் அப்படி வந்தால் வைக்கோலாகத்தான் இறங்குவோம்.”

அரசர் சிரித்தார். சிரித்த முகம் மெல்ல எங்கோ போயிற்று.

“எனக்கு எட்டு வயது, மருதப்பா. யானைக் கொட்டிலுக்குப் பின்னால் அரண்மனை மதிலில் ஒரு பொந்து இருந்தது. அதில் நுழைந்து இறங்கினால் ஒரு தோட்டம். யாரோ ஓர் அம்மாள் வெள்ளரிப் பிஞ்சைக் கொடியிலிருந்து பறித்து, உப்புத் தொட்டுக் கொடுத்தாள். அந்த ருசி இன்னும் நாக்கிலேயே நிற்கிறது. என் பித்தளைப் பம்பரத்தை அங்கேதான் எங்கோ தொலைத்தேன். அதற்கு வாத்தியாரிடம் அடி வேறு. மறுநாள் பொந்தை அடைத்துவிட்டார்கள்.”

மருதப்பனின் கை இலையிலேயே நின்றுவிட்டது. அந்த அம்மாள் அவனைப் பெற்றவள். அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, பட்டுச் சொக்காய் போட்ட பையன் கடக் கடக்கென்று வெள்ளரி கடிப்பதை வாய் பிளந்து பார்த்தவன் அவன். இத்தனை வருஷத்தில் அரசரிடம் அவன் பேசாத பேச்சில்லை. ஆனால் அம்மா போன பிறகு அவளைப் பற்றி யாரிடமும் பேச அவனுக்கு மனம் வருவதில்லை. அதனால் இதை மட்டும் சொன்னதே இல்லை.

“ஒன்று செய்வோம்!” என்று அரசர் எழுந்தார். “கோட்டைக்குள் பொது நிலத்தில் பயிர் வைத்து, மண்ணையும் தண்ணீரையும் யார் காக்கிறார்களோ அவர்களுக்கு அரசாங்கம் உதவும். வரப்புக்குக் கல், கிணற்றுக்குச் சுவர், விதை, எல்லாம் கொடுப்போம். மண் காக்கும் மானியம் என்று பறையறையச் சொல்!”

மதிலோரத் தெருவில் செய்தி போய் விழுந்ததும் நாற்பது வீட்டிலும் குலவைச் சத்தம். அந்த நாற்பது வீடும் சேர்ந்து வைத்திருந்ததுதான் அந்தத் தோட்டம். மேட்டுத் தெருவுக்கும் அரண்மனைக் குளத்துக்கும் நடுவே சரிவில் கிடந்தது. முறை வைத்து ஆளுக்கொரு நாள் தண்ணீர் இறைப்பார்கள். மழைக்காலம் நெருங்கினால் வீட்டுக்கு ஒரு கூடைச் சருகு கொண்டுவந்து பாத்தியை மூடுவார்கள். வரப்பு நெடுக வெட்டிவேர் நிற்கும். ‘மழையில மண்ணை வெறும் உடம்போட நிறுத்தப்படாது’ என்பது மருதப்பனின் அம்மா சொல்லிவிட்டுப் போனது. இப்போது தோட்டத்துக்குத் தலைவி அவனுடைய அக்காள் முத்துப்பேச்சி. கிணற்றுச் சுவர் இடிந்து மூன்று வருஷமாகிவிட்டது. வரப்புக் கல்லும் பாதி சரிந்து கிடந்தது.

இங்கேதான் கனகசபாபதி வருகிறார். அரசரின் நந்தவன அதிகாரி. மேட்டுத் தெருவில் அவருடைய நந்தவனம் கண்ணாடி மாதிரி இருக்கும். ஓர் உதிர்ந்த இலையைப் பார்க்க முடியாது. விடியும் முன் பத்துப் பேர் பெருக்கிவிடுவார்கள். அந்தச் சரிவை வளைத்து ஓர் ஊஞ்சல் மண்டபம் கட்ட வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் கனவு. அதோடு, ஒரு கோமாளி அரசரோடு இலை போட்டுச் சாப்பிடுவதை அவரால் சகிக்கவே முடியவில்லை.

மறுநாள் அவர் அரசர்முன் கை கட்டி நின்றார்.

“அரசர் பெருமானே, தாங்கள் சாப்பாட்டு இலைமுன் சொன்ன சொல் சபையில் சொன்ன சொல் ஆகாது. வெண்கொற்றக் குடை எங்கே விரிகிறதோ அங்கேதான் சபை. தங்கள் பாட்டனார் வகுத்த வழக்கம் இது.”

வழக்கம் என்றால் அரசருக்கு மறுபேச்சில்லை. குடைக்காரர் ஆவுடையப்பர் குடையை விரித்தார். அரசர் அதன் கீழ் அமர்ந்து மானியத்தை மறுபடியும் சொன்னார். சொல்லி முடிக்கும் முன் கனகசபாபதி குறுக்கிட்டார்.

“மண்ணைக் காத்தோம் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், அரசே. ஐப்பசியில் முதல் பெருமழை பெய்யும் நாளில் சபை கூடட்டும். மழையில் போகாமல் காத்த மண்ணைச் சபையின்முன் காட்டட்டும். காட்டுபவருக்கே மானியம். காட்ட முடியாதவருடைய நிலம் நந்தவனத்தோடு சேரட்டும்.”

அரசருக்கு இது பிரமாதமான வேடிக்கையாகப் பட்டது. “அப்படியே ஆகட்டும்!” என்றார்.

மருதப்பனுக்கு இதில் இருந்த பொறி உடனே தெரிந்துவிட்டது. சாயங்காலமே தோட்டத்துக்கு ஓடினான். விஷயத்தைக் கேட்ட பேச்சி இடுப்பில் கை வைத்தாள்.

“எலே, இதுக்கா இப்படி முழிச்சுக்கிட்டு நிக்க? ஒரு கூடை மண்ணை அள்ளிக்கிட்டுப் போய்க் காட்டிட்டு வா.”

“அள்ளினா அது போன மண்ணுல்லா, அக்கா? போகாத மண்ணைத்தானே கேக்காரு. இங்க இருந்து எடுத்த உடனே, ‘இது இடத்தை விட்டுப் போயிட்டுது, நிலத்தைக் கொடு’ன்னு எழுதி வாங்கிருவாரு.”

பேச்சி யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் முகம் வாடியது. “அப்போ அம்மா தோட்டம் போயிருமாலே?”

மருதப்பன் புடலைப் பந்தலுக்குப் போனான். பந்தலைச் சுற்றி நடந்தான். புடலைக் கொடியில் பிஞ்சுகள் இறங்கியிருந்தன. காய் கோணாமல் நீள, ஒவ்வொன்றின் நுனியிலும் நூல் கட்டிக் கல் தொங்கியது. சின்ன வயதில் அம்மாவுக்குக் கல் பொறுக்கிக் கொடுப்பது அவன் வேலை. ‘இது ரொம்பக் கனம்லே, காய் அறுந்துரும். கொஞ்சம் சின்னதாப் பாரு’ என்பாள். அந்தக் குரல் இப்போதும் பந்தலடியில் கேட்பது போல் இருந்தது. வேறு எங்கே போய் நின்றால் அது கேட்கும்? அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, யோசனையும் வந்துவிட்டது.

ஐப்பசி நாலாம் தேதி, காலையிலேயே வானம் இடிந்து கொட்டியது. சபை கூட மணி அடித்தது. அரசர் வந்தார். பொற்றாம்பாளத்தில் நந்தவனத்து மண்ணைக் குவித்து, மேலே ஒரு தாமரையும் செருகி, கனகசபாபதி வந்தார். அரியணைக்கு மேல் அண்ணாந்து பார்த்தால், குடையைக் காணோம்! குடைக்காரரையும் காணோம்!

குடையும் குடைக்காரரும் மருதப்பனோடு நாற்பது வீட்டுத் தோட்டத்தில் இருந்தார்கள். பந்தலுக்குப் பக்கத்தில் வெண்கொற்றக் குடை விரிந்து நின்றது. அதைப் பிடித்திருந்த ஆவுடையப்பருக்கு மழையைவிடப் பயத்தால்தான் அதிகம் குளிரெடுத்தது.

“அரச குடையைத் தூக்கிட்டு வந்துட்டோமே மருதப்பா. தலை போயிருமே!”

“போனா முதல்ல என் தலைதான் போகும் மாமா. நீங்க குடையைச் சாய்க்காம மட்டும் பிடிங்க.”

சொல்லிவிட்டானே தவிர அவன் கண்ணும் வழியையேதான் பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் சரிவில் ஆள் அரவம் கேட்டது. குடை போன வழியைக் காவலரிடம் கேட்டறிந்து, சாதாரணத் தாழங்குடை ஒன்றைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, முழங்கால்வரை நனைந்து அரசர் வந்தார். பின்னால் சபையே வந்தது. எல்லாருக்கும் முன்னால் கேட்டது கனகசபாபதியின் குரல்.

“திருட்டு! அரச குடையைத் திருடியவனை யானைக்காலால் இடற வேண்டும்!”

அரசர் கண் சிவந்திருந்தது. “மருதப்பா! விளையாட்டுக்கும் ஓர் அளவு உண்டு. சபை கூடும் நேரத்தில் குடையை இங்கே கொண்டுவந்தது ஏன்?”

மருதப்பன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தான். உடம்பெல்லாம் சருகு ஒட்டிக்கொண்டிருந்தது.

“உத்தரவை அப்படியே நிறைவேற்றினேன், மகாராஜா. போகாத மண்ணைச் சபையின்முன் காட்டச் சொன்னீர்கள். மண்ணைச் சபைக்குக் கொண்டுவந்தால் அது போன மண் ஆகிவிடும். ஆகவே சபையை மண்ணிடம் கொண்டுவந்தேன். குடை விரிந்த இடமே சபை என்று நந்தவன அதிகாரியே எடுத்துச் சொல்லியிருக்கிறார். மகாராஜா, இப்போது தாங்கள் நிற்பது சபை. தங்கள் காலடியில் இருப்பதுதான் போகாத மண்.”

அரசர் குனிந்து, ஒரு கை சருகை விலக்கிப் பார்த்தார். அடியில் மண் கறுகறுவென்று, ஒரு பொட்டு அசையாமல் கிடந்தது. தோட்டத்தின் கடைசி வரப்பில் வெட்டிவேருக்குள்ளிருந்து கசிந்து குளத்துக்கு இறங்கிய தண்ணீரைக் கையில் ஏந்தினார். ரேகை தெரிந்தது. பக்கத்திலேயே மேட்டுத் தெரு வாய்க்கால் செக்கச்செவேலென்று குளத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

“அது எங்கிருந்து வருகிறது?”

“பெருக்கித் துடைத்த நந்தவனத்திலிருந்து, மகாராஜா.”

“பொய்! காத்த மண் இதோ!” என்று கனகசபாபதி தாம்பாளத்தை நீட்டினார். பாவம், அத்தனை தூரம் மழையில் வந்திருக்கிறார். தாம்பாளத்தில் மண் இல்லை. அது கரைந்து, அவருடைய பட்டு அங்கவஸ்திரத்தில் வழிந்து, காலடிக்கு இறங்கியிருந்தது. தாமரை மட்டும் மிதந்துகொண்டிருந்தது.

ஆவுடையப்பருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அரசரின் உதடும் துடித்தது. அப்போதுதான் அவர் பார்வை பந்தலில் ஏதோ ஒன்றில் போய் நின்றது. ஒரு புடலங்காயின் நுனியில் கல்லுக்குப் பதில் வேறெதுவோ தொங்கியது. மழையில் கழுவி மஞ்சளாக மின்னியது. பித்தளைப் பம்பரம்!

“இது... இது எப்படி இங்கே?”

பேச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். “அதுவா சாமி? எங்கம்மா காலத்துல வேலி ஓரம் கொத்தும்போது கெடைச்சுது. யாரோ பெத்த பிள்ளை தேடி வரும்னு எடுத்து வச்சிருந்தா. வருஷக்கணக்கா யாரும் வரல. நல்ல கனமா இருக்கேன்னு பொறவு புடலைக்குக் கட்டிட்டோம்.”

“யார் உங்கள் அம்மா?”

பேச்சி தம்பியைப் பார்த்தாள். இந்த முறை மருதப்பன் சொல்லிவிட்டான்.

“தங்களுக்கு உப்புத் தொட்டு வெள்ளரிப் பிஞ்சு கொடுத்தவள்தான், மகாராஜா. என்னையும் பெற்றவள்.”

அரசர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் வழிந்தது எல்லாம் மழைதான் என்று சபையார் நினைத்துக்கொண்டார்கள். பிறகு எட்டு வயதுப் பையனைப் போல ஆசையாகப் பந்தலுக்குள் கையை நீட்டி, பம்பரத்தின் நூலை அவிழ்க்கப் போனார்.

“ஐயையோ, அவுக்காதீக!” என்று பேச்சி கத்தினாள். அரசர் என்பதெல்லாம் அவளுக்கு மறந்தே போயிற்று. “அவுத்தா காய் கோணிக்கிடும்!”

அரசர் சூடு பட்டவர்போல் கையை இழுத்துக்கொண்டார். இழுத்துக்கொண்ட கையைப் பார்த்தார், பேச்சியைப் பார்த்தார், அப்புறம் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பந்தல் காலில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சபையும் சிரித்தது. வேறு வழியில்லாமல் கனகசபாபதியும் சிரித்தார்.

மானியம் அன்றைக்கே அந்தக் குடையின் கீழேயே கிடைத்தது. கிணற்றுக்குச் சுவர் வந்தது, வரப்புக்குக் கல் வந்தது. மருதப்பனுக்குத் தம் கழுத்துச் சங்கிலியையே கழற்றிப் போட்டார் அரசர். குளத்தில் சேர்ந்த சேற்றை அதே தாம்பாளத்தில் அள்ளி நந்தவனத்துக்கே திருப்பிக் கொண்டுசேர்க்கும் வேலை கனகசபாபதிக்குக் கிடைத்தது. அடுத்த ஐப்பசிக்கும் அவர் அள்ளிக்கொண்டுதான் இருந்தாராம்.

“உன் பம்பரம், மகாராஜா?” என்று திரும்பும் வழியில் மருதப்பன் வாய் தவறி ஒருமையில் கேட்டுவிட்டான்.

அரசர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. “அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும், மருதப்பா. காய் முற்றினதும் எனக்குச் சொல்லி அனுப்பு. உன் அக்காள் கையால் கூட்டு. நாம் இரண்டு பேரும் இங்கேயே வந்து சாப்பிடலாம்.”

யானைக் கொட்டிலுக்குப் பின்னால் அடைத்திருந்த பொந்தையும் மறுநாளே இடித்துத் திறந்துவிட்டார்கள். அரசர் உடம்பு அதில் நுழையவில்லை என்பது வேறு விஷயம். ஆனாலும் வெள்ளரி காய்க்கும் மாதத்தில் ஒரு கை மட்டும் அதன் வழியாக வெளியே நீளும் என்றும், பேச்சி அதில் உப்புத் தொட்டு ஒரு பிஞ்சு வைப்பாள் என்றும் அந்த ஊரில் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.