மூன்றாவது சேனலில் எண்ணூற்று இருபது

ராணிப்பேட்டைப் பக்கம், கியர்களை உலையில் காய்ச்சி உறுதியாக்கும் தொழிற்சாலை ஒன்றில் குணசீலன் என்றொருவர் இருந்தார். பாதி ஆயுள் ஸ்பானர் பிடித்த மனிதர். தலை நரைத்த பிறகு கண்ட்ரோல் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே அவருக்குக் குரு அம்சவேணி. அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

போன வாரம் உலையின் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பி அறுந்து, உலை தானாக நின்றுபோனது. உள்ளே இருந்த கியர் அத்தனையும் பாழ். மேனேஜர் எல்லார் முன்னாலும் குணசீலனைப் பிடிபிடி என்று பிடித்துவிட்டார். இன்னொரு தடவை நின்றால் வேலையே இருக்காதாம். அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று அந்தக் கம்பிகள் வந்து சேரும் புது மாட்யூலைப் பொருத்தியாயிற்று. ஒவ்வொரு சேனலிலும் எந்த வகைக் கம்பி என்று அவரே பதிந்துகொண்டு வந்தார். மூன்றாவதில் கை தயங்கியது.

"மேடம், கம்பி அறுந்தா என்ன காட்டணும்னு கேக்குது."

"என்னென்ன இருக்கு?"

"அளவை உச்சிக்குக் கொண்டுபோயிடலாம். சூடு மிஞ்சிடுச்சுன்னு உடனே உலை நின்னுடும். இல்லேன்னா கடைசியா இருந்த அளவையே காட்டிக்கிட்டிருக்கும். உலை நிக்காது."

"உங்களுக்கு எது வேணும் அண்ணா?"

"எதை வெச்சா பயமில்லாம உக்காரலாம்? அதைச் சொல்லுங்க, வெச்சிடறேன்."

அம்சவேணி கொஞ்சம் யோசித்தார். "ரெண்டாவதை வையுங்க. வெறும் உலைதானே, ஓட்டிப் பாப்போம்."

உலையைப் பற்றவைத்தார்கள். எண் ஏற ஏற குணசீலன் நகத்தைக் கடித்தார். வேண்டிய எண்ணூற்று இருபது டிகிரி வந்ததும் அம்சவேணி எழுந்தார்.

"நான் உலைப் பக்கம் போயிட்டு வரேன். நீங்க இங்கேயே பாத்துக்கிட்டிருங்க."

பார்த்தார். எண் ஆடவில்லை. பெற்ற பிள்ளைகூட அவர் சொன்ன பேச்சை இப்படிக் கேட்டதில்லை. எண் நிலைத்து நின்றால் எல்லாருக்கும் டீ சொல்வது அந்த ஷெட்டின் வழக்கம். குணசீலன் போண்டாவும் சேர்த்துச் சொன்னார்.

போன் அடித்தது.

"எவ்வளவு காட்டுது அண்ணா?"

"அதே எண்ணூத்தி இருபது மேடம். துளிகூட அசையல! டீ வந்தாச்சு, வாங்க."

"குடிச்சிட்டு நீங்க இங்க வாங்க."

சந்தோஷமாகத்தான் போனார். உலையில் தீயே இல்லை. மூன்றாவது சேனலுக்குப் போகும் கம்பி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ மேடம், என்ன ஆச்சு?"

"நான்தான் கம்பியைக் கழட்டினேன். கழட்டிட்டு பர்னரை அணைச்சேன்."

"எப்ப?"

"நீங்க டீ சொல்றதுக்கு முன்னாடியே."

குணசீலன் தொங்கிய கம்பியைப் பார்த்தார். பர்னரை அணைக்காமல் விட்டிருந்தால்? சூடு ஏறிக்கொண்டே போய் உள்ளே செங்கல் உருகினாலும் அந்தத் திரை எண்ணூற்று இருபது என்றுதான் சொல்லியிருக்கும். அதை நம்பி ஆட்கள் உலைக் கதவருகே நின்றிருப்பார்கள். அவர் போண்டா தின்றுகொண்டிருந்திருப்பார்.

"வேணாம் மேடம், முதல்ல சொன்னதையே வெச்சிடறேன்," என்றார். "ஆனா கம்பி அறுந்தா அது மறுபடியும் நிக்குமே. தினம் பயந்துகிட்டேதானே உக்காரணும்?"

அம்சவேணி கம்பியை எடுத்து அதன் இடத்தில் முடுக்கினார்.

"இவ்வளவு நேரம் பயமில்லாம உக்காந்திருந்தீங்களே அண்ணா, எந்த உலையைப் பாத்துக்கிட்டு?"