கூப்பிடு தூரத்துக் கூடு

மலையடிவாரத்தில், கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே ஓணான்பாளையம் என்றொரு ஊர். ஆண்டவன் அந்த ஊருக்கு நல்ல காற்றைக் கொடுத்தான், நல்ல புல்லைக் கொடுத்தான், விதவிதமான குருவிகளைக் கொடுத்தான். கொடுத்த களைப்பில் மூளையைக் கொடுக்க மறந்துவிட்டான். ஊர்க்காரர்களும் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. இல்லாதது தெரிந்தால்தானே கேட்பார்கள்?

ஊரிலேயே பெரிய புத்திசாலி என்று பெயரெடுத்தவர் சென்னியப்பன். அந்தப் பெயரை அவரே எடுத்துக்கொண்டார், வேறு யாரும் கொடுக்கவில்லை. நாச்சிமுத்துவும் குழந்தைவேலுவும் மட்டும் அதை நம்பி அவர் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் வனத்துறை அடிவாரத்தில் பறவை பார்க்கும் பாதை ஒன்று போடுவதாக இருந்தது. ஓணான்பாளையம் வழியாகவா, பக்கத்து ஊரான கள்ளிவலசு வழியாகவா என்பது முடிவாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை டவுனிலிருந்து வருகிறவர்களுக்கு எந்த ஊர் பறவையைக் காட்டுகிறதோ அந்த ஊருக்குப் பாதை. கூட்டிக்கொண்டு போகிறவர் தலைமை வழிகாட்டி. அவர் கழுத்தில் ஒரு பைனாகுலர்.

கள்ளிவலசில் அந்தப் பைனாகுலருக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றவன் சென்னியப்பனுடைய சொந்த மச்சினன். அது அவன் கழுத்தில் ஏறிவிட்டால் அப்புறம் மாமியார் வீட்டில் தலைகாட்ட முடியாது. இப்போதே அங்கே இவருக்கு இரண்டாவது தோசை கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. மனுஷன் கவலையில் மெலிந்து போனார்.

வனவர் தமயந்தி முதல் நாளே வந்து மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். "பாதையில யாரும் சத்தம் போடக் கூடாது. பாதையை விட்டு இறங்கக் கூடாது. பளிச்சுனு துணி போடாதீங்க. பாக்கறதுக்கு ஒரு புதர் நிக்கிற மாதிரி இருக்கணும். அப்புறம், ஏதாவது கூடு கண்ணுல பட்டா கூப்பிடு தூரத்துக்கு இந்தப் பக்கமே நின்னுக்கணும். தாய்ப்பறவை பயந்துட்டா முட்டையை விட்டுட்டுப் போயிடும்."

"சொல்லிட்டீங்கள்ல, அச்சுப் பிசகாம நடக்குமுங்க" என்றார் சென்னியப்பன். அந்தப் பாவி சொன்னபடியே செய்தார்.

ஞாயிறு விடிவதற்குள் ஆளுக்கொரு விராலிச் செடியை வெட்டித் தலையில் கட்டிக்கொண்டார்கள். தலைவர் என்பதால் சென்னியப்பனுக்கு மட்டும் நல்ல அடர்த்தியான புதராகப் பார்த்து வெட்டினார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. கண் எதற்கு இருக்கிறது என்று அந்த ஊரில் யாரும் யோசிப்பதில்லை.

வண்டி வருவதற்கு முன் பாதையைச் சரிபார்க்கப் போனார்கள். புல்வெளிக்கு மேலே ஒரு வானம்பாடி ஏறிக்கொண்டே பாடியது. குழந்தைவேலு முகம் சுளித்தான்.

"அண்ணா, யாரும் சத்தம் போடக் கூடாதுனு வனவரம்மா சொன்னாங்கல்ல?"

"சொன்னாங்க."

"அது போடுதே."

"அது குருவியப்பா" என்றான் நாச்சிமுத்து.

"குருவின்னா? யாரும்னா யாரும்தான். அதுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

சென்னியப்பன் வெகுநேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். "வெளியூர்க்காரங்க வர்ற நேரம். கத்தற குருவி ஒண்ணுகூடப் பாதைப் பக்கம் இருக்கக் கூடாது."

மூவரும் மண்ணாங்கட்டியைப் பொறுக்கி எறிந்தார்கள். வானம்பாடி போயிற்று, கௌதாரிக் கூட்டம் போயிற்று, தவிட்டுக்குருவிகள் திட்டிக்கொண்டே போயின. டவுனிலிருந்து கேமராவும் கையுமாக நாலைந்து பேர் தமயந்தியோடு வந்து இறங்கியபோது ஓணான்பாளையத்தில் அப்படியொரு அமைதி. சென்னியப்பன் பெருமையோடு முன்னால் நடந்தார்.

கொஞ்ச தூரத்தில் ஓர் எருமை பாதையை அடைத்துக்கொண்டு படுத்திருந்தது. வந்தவர்கள் சுற்றிப் போகலாம் என்றார்கள். பாதையை விட்டு இறங்கக் கூடாது என்றார் சென்னியப்பன். எருமையை விரட்டலாமே என்றார்கள். எருமையும் இறங்கக் கூடாது என்றான் நாச்சிமுத்து. எருமை நிதானமாக அசைபோட்டு முடித்து, தானாக எழுந்து, பாதையிலேயே முன்னால் நடந்தது. எல்லோரும் அதன் பின்னால் நடந்தார்கள். வழிகாட்டியாக அன்று அதுதான் சரியாக நடந்துகொண்டது.

வெயில் ஏறியது. ஒரு பறவையும் இல்லை. கேமராக்காரர் ஒருவர் சலித்துக்கொண்டார்.

"மேடம், கள்ளிவலசுலயாவது ஏதாவது இருக்குமா?"

மச்சினன் கழுத்தில் பைனாகுலர் ஆடுவதும், மாமியார் இரண்டாவது தோசையை அவன் தட்டில் போடுவதும் சென்னியப்பன் கண்முன்னே வந்து நின்றன. துக்கம் தாங்காமல் அப்படியே நின்றுவிட்டார்.

அவர் நின்றதுதான் தாமதம், விடியற்காலையிலிருந்து அவரைப் பின்தொடர்ந்து வந்த கொண்டைக்குருவி ஒன்று அவர் தலைப் புதருக்குள் புகுந்து உட்கார்ந்தது. உள்ளே கூடு. கூட்டில் முட்டை.

"அடடா!" என்றார் கேமராக்காரர். எல்லாக் கேமராக்களும் சென்னியப்பன் தலைக்குத் திரும்பின.

"யாரும் கிட்டப் போகாதீங்க" என்று தமயந்தி தணிந்த குரலில் சொன்னார். எல்லோரும் பின்வாங்கினார்கள். சென்னியப்பனும் பின்வாங்கினார். கூடும் கூடவே வந்தது. அவர் இன்னும் வேகமாகப் பின்வாங்கினார்.

"ஓடாதீங்க!" என்று பதறினார் தமயந்தி.

"கூட்டுக்கு ரொம்பக் கிட்ட இருக்கறேனுங்க! கூப்பிடு தூரம் வேணுமில்லீங்களா?"

தமயந்தி நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். வந்தவர்களைத் தள்ளி நிறுத்த அவர் அந்தப் பக்கம் போனதும், சீடர்கள் இந்தப் பக்கம் ஆலோசனையில் இறங்கினார்கள்.

"தலையை எடுத்துட்டா?" என்றான் நாச்சிமுத்து.

"எடுத்த தலை எங்க போகும்? கூட்டோடதானே போகும்?" என்றான் குழந்தைவேலு. "கூப்பிடு தூரம்னா என்ன? கூப்பிட்டாக் காதுல விழற தூரம். காதுல விழலைன்னா அதைத் தாண்டியாச்சு."

எருக்கங்காயைப் பிளந்து அதன் பஞ்சைச் சென்னியப்பன் காதுகளில் அடைத்தார்கள். "அண்ணோவ்!" என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவர் திரும்பவில்லை. "தாண்டிட்டாரு" என்று இருவரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

தமயந்தி திரும்பி வந்து, சென்னியப்பனைக் கண்ணை மூடச் சொல்லிச் சைகை காட்டினார். கட்டை அவிழ்த்து, புதரைப் பதமாகத் தூக்கிக்கொண்டுபோய் எட்ட இருந்த கிளுவை வேலியில் செருகினார். குருவியும் அதன் பின்னால் போய் உட்கார்ந்தது. வந்தவர்களுக்கோ பரம திருப்தி.

"பாதை உங்க ஊருக்குத்தான்" என்று சொல்லிப் பைனாகுலரைக் குழந்தைவேலு கையில் கொடுத்தார் தமயந்தி. "இதைச் சென்னியப்பன் கழுத்துல மாட்டி விடுங்க. நான் இவங்களை வண்டி ஏத்திட்டு வர்றேன்."

குழந்தைவேலு சுற்றுமுற்றும் பார்த்தான். "சென்னியப்பண்ணனைக் காணமே?"

"இங்க ஒருத்தர் நிக்கறாரே" என்றான் நாச்சிமுத்து.

"அண்ணன் தலையில புதரு இருந்துச்சு. இவரு தலையில எங்க இருக்குது?"

"அதுவும் சரிதான். கூப்பிட்டுப் பாப்போம்."

"சென்னியப்பண்ணோவ்!" என்று மலையைப் பார்த்துக் கத்தினார்கள். பதில் இல்லை. ஆள் வெகுதூரம் போய்விட்டார் என்று இருவருக்கும் அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் சென்னியப்பன் கண்ணைத் திறந்தார். இருவரும் அழுவதைப் பார்த்து, என்ன என்று கையை ஆட்டிக் கேட்டார். தலையில் புதர் வைத்த ஆளைக் காணோம் என்று நாச்சிமுத்து சைகை காட்டினான். சென்னியப்பன் தன் தலையைத் தடவினார். புதர் இல்லை. முகம் வெளுத்துவிட்டது. பைனாகுலர் கைக்கு வரும் நேரம் பார்த்துத் தானே தொலைந்து போனதை அவரால் தாங்க முடியவில்லை.

குழந்தைவேலு கையிலிருந்த பைனாகுலரைப் பிடுங்கி மலைச்சரிவு, புல்வெளி, வேலி என்று ஓர் இடம் விடாமல் தேடினார். வேலிக்கு வந்ததும் துள்ளிக் குதித்தார்.

"அதோ! அங்க நிக்கறேன்! புதரும் இருக்குது, குருவியும் இருக்குது!"

சீடர்கள் ஆனந்தத்தில் வேலியை நோக்கி ஓடினார்கள். சென்னியப்பன் பாய்ந்து இருவர் சட்டையையும் பிடித்து இழுத்தார்.

"கிட்டப் போகாதீங்கடா, கூடு இருக்குது!" பைனாகுலரைப் பத்திரமாக நாச்சிமுத்து கையில் கொடுத்தார். "நானு வந்ததும் இதை என்ற கழுத்துல மாட்டி விடு. குஞ்சு பொரிச்சுப் பறந்ததும் வந்துருவேன், அதுவரைக்கும் சோறு வைக்க வேண்டாம்னு என்ற வீட்டுல சொல்லிப்போடுங்க."