கடைசி அத்தியாயத்தை யார் வாசிப்பது?

தலைப்பைப் பார்த்து வாங்கி ஏமாந்த புத்தகம் ஒன்றாவது உங்கள் வீட்டில் இருக்கும். மாடித்தோட்டம் போடக் கற்றுத்தருவதாக அட்டை சொல்லும். உள்ளே பாதிக்கு மேல் ஆசிரியர் சிங்கப்பூர் போய்வந்த கதை. நாமும் நான்கு திட்டு திட்டிவிட்டுப் பழைய பேப்பரோடு போட்டுவிடுகிறோம். அப்படித் தூக்கிப் போட முடியாமல் போன ஒரு புத்தகத்தைப் பற்றிய புதிர் இது. விடைக்கு வேண்டியதெல்லாம் கதைக்குள்ளேயே இருக்கிறது. கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

திருநெல்வேலியில் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்த கோமதிநாயகம், பக்கவாதத்தில் விழுந்த தன் தாயைப் பதினோரு மாதம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். தாய் போன பிறகு அதையெல்லாம் எழுதி, 'அம்மாவின் பதினோரு மாதங்கள்' என்று பெயரிட்டு, மதுரையில் ஒரு சிறு பதிப்பகத்துக்கு அனுப்பினார்.

பதிப்பாளர் சௌந்தரபாண்டியன் எந்தக் கைப்பிரதியையும் மூன்று அத்தியாயத்துக்கு மேல் படிப்பதில்லை. அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார். மூன்றாம் அத்தியாயத்தில் அந்தத் தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு நான்கடி நடக்கிறாள். அவருக்கு அது போதும். இந்தப் பெயரில் யார் வாங்குவார்கள், மாற்றிக்கொள்ளலாமா என்று போனில் கேட்டார். புத்தகம் வந்தால் சரி என்றிருந்த கோமதிநாயகம், என்ன பெயர் என்றுகூடக் கேட்காமல் சரி என்றுவிட்டார். 'பக்கவாதத்தை வென்று எழுந்து நடக்கலாம்' என்று புதுப்பெயர் வந்தது.

அந்தப் பதிப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிழைதிருத்துபவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இரண்டு முறை படித்து முடித்த பிறகுதான் தலைப்பு போட்ட அட்டைத்தாள் அவர் மேசைக்கு வரும். அதில் அவர் 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். இதுவும் அப்படித்தான் அச்சுக்குப் போனது. அச்சான பிரதி கைக்கு வந்த அன்றுதான் கோமதிநாயகம் தலைப்பைப் பார்த்தார். அதற்குள் புத்தகம் விருதுநகரில் நடந்த ஒரு கண்காட்சிக்குப் போய்விட்டது.

அங்கே பதிப்பகத்தின் கடையில் நின்றவள் ஜெசிந்தா. அருப்புக்கோட்டையிலிருந்து வந்த மாரீஸ்வரி என்ற பெண், தறி ஓட்டிக்கொண்டிருந்த தன் வீட்டுக்காரருக்கு வலப்பக்கம் விழுந்து பேச்சும் போய்விட்டதாகச் சொல்லி, இதில் வழி சொல்லியிருக்கிறதா என்று கேட்டாள். ஜெசிந்தா அட்டையைக் காட்டி, "அதான் போட்டிருக்கேக்கா" என்று சொல்லிப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

ஒன்றரை மாதம் கழித்து மாரீஸ்வரியிடமிருந்து பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. பிழைதிருத்துபவர்தான் பிரித்து எல்லோருக்கும் உரக்கப் படித்தார்.

"தினமும் சாயங்காலம் கொஞ்சங் கொஞ்சமா அவருக்கு வாசிச்சுக் காட்டுறேன். அந்த அம்மா சுவரப் பிடிச்சு நடந்ததக் கேட்டதிலிருந்து இவரும் கட்டில் கம்பியப் பிடிச்சு எந்திரிக்கப் பாக்காரு. முடிவுல என்ன இருக்குன்னு ஆசையா நேத்து நான் மட்டும் முன்னாடியே படிச்சுட்டேன். அந்த அம்மா செத்துப் போறாங்க. முழுசும் வாசிக்கிறேன்னு இவர் கையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேன். இன்னும் ஒரு அத்தியாயந்தான் இருக்கு. இப்ப நான் என்னத்த வாசிக்க?"

கடிதத்தைக் கேட்ட பதிப்பாளர் கோமதிநாயகத்தை வரவழைத்தார். ஜெசிந்தாவும் இருந்தாள். முதலில் சௌந்தரபாண்டியனுக்கு ஒரு யோசனை தோன்றியது. தாய் பிழைத்து நடப்பதாக வேறொரு கடைசி அத்தியாயம் எழுதித் தாருங்கள், ஒரே ஒரு பிரதி அச்சிட்டு அனுப்பிவிடுகிறேன் என்றார்.

"செத்த எங்கம்மாவ நடக்கவைக்க என்னால முடியாதுங்க" என்றார் கோமதிநாயகம்.

அதன் பிறகு மூவரும் பழிக்குப் போட்டி போட்டார்கள். பொய்த் தலைப்பு வைத்தவன் நான், நான்தான் போக வேண்டும் என்றார் பதிப்பாளர். பெற்ற தாயின் கதைக்கு என்ன பெயர் என்று கேட்காதவன் நான், நான்தான் போவேன் என்றார் கோமதிநாயகம். அந்த அக்கா கேட்டது என்னிடம், புரட்டிக்கூடப் பார்க்காமல் தலையில் கட்டியவள் நான், நான்தான் போக வேண்டும் என்றாள் ஜெசிந்தா.

அன்று முடிவாகவில்லை. நீங்கள் சொல்லுங்கள். மாரீஸ்வரியின் வீட்டுக்குப் போய்ப் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

விடை: இந்த மூவரும் இல்லை. மூவரும் தப்புச் செய்தவர்கள்தான். ஆனால் தலைப்பு வைத்தவருக்கு முடிவு தெரியாது, எழுதியவருக்குத் தலைப்பு தெரியாது, விற்றவளுக்கோ அட்டை மட்டும்தான் தெரியும். இரண்டையும் சேர்த்து, அச்சேறும் முன்பே தெரிந்திருந்தது பிழைதிருத்துபவருக்கு மட்டும். அது நான்தான். அட்டைத்தாள் வந்தபோது இது பொய் என்று நெஞ்சு சொன்னது. எழுத்துப்பிழை இல்லை, நம் வேலை அவ்வளவுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அந்த மூவரும் பழியை ஏற்க முந்திக்கொண்டு நின்றபோதும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். கட்டிலருகே உட்கார்ந்து, தலைப்பு பொய் என்பதையும் அது தெரிந்தே நான் விட்டதையும் இருவரிடமும் சொன்னேன். வீட்டுக்காரர் இடக்கையால் புத்தகத்தை இழுத்து, அட்டையைக் குப்புறப் போட்டு, என் பக்கம் தள்ளினார். "வாசிக்கச் சொல்றாரு. என்னால ஆகாது, நீங்களே வாசிங்கண்ணே" என்றாள் மாரீஸ்வரி. பிழை தேடி இரண்டு முறை படித்த அந்தக் கடைசி அத்தியாயத்தை, அவர் முகத்துக்கு நேரே மூன்றாம் முறையாகப் படித்தேன். அதில் ஒரு பிழையும் இல்லை.