அம்பது மடங்கு வெயில் பூச்சு

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. அந்த ஓரத்துல வெயில் விழுது. கதையும் வெயில் கதை. ரெண்டும் சேர்ந்தா தோல் தாங்காது.

கடலோரச் சீமை ஒண்ணு. ராஜா பேரு மகுடசூடர். அங்கே அனந்தப்பர்னு ஒரு வியாபாரி, வெயில் பூச்சு வித்தாரு. பானை மேல ஓலைச் சீட்டு ஒட்டியிருக்கும்: 'அம்பது மடங்கு காக்கும்.' பக்கத்துல ராஜமுத்திரை. எதுல அம்பது மடங்குன்னு அரண்மனையிலயே ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா முப்பதைவிடப் பெரிசுன்னு எல்லாருக்கும் தெரியும். அதனால சரக்கு பறந்துச்சு.

உப்பளத்துல வேலை செய்யற முத்துப்பேச்சியும் ஒரு பானை வாங்கினா. பூசிக்கிட்டு உப்புப் பாத்தியில இறங்கினா. பொழுது சாயறதுக்குள்ள முதுகு சுட்ட கத்திரிக்காயாட்டம் உரிஞ்சுபோச்சு. மறுநாள் காலையில பானையையும் தூக்கிக்கிட்டு நேரா சபைக்கு வந்துட்டா.

"மகாராஜா, இந்தச் சீட்டு பொய்."

சபையிலயே உக்காந்திருந்த அனந்தப்பர் எழுந்துட்டாரு. "முத்திரை வச்ச சீட்டு பொய்யின்னா, முத்திரை வச்சவர் பொய்யின்னு அர்த்தம். இவளை நாடு கடத்துங்க மகாராஜா."

ராஜாவுக்குத் தர்மசங்கடம். முத்திரையை விட்டுக்கொடுக்கவும் மனசில்லை, அவ முதுகைக் கண் கொண்டு பார்க்கவும் முடியலை. ஊமையப்பர் பக்கம் திரும்பினாரு. சபையில இருந்த புத்திசாலி அவருதான். பேருதான் ஊமை. அந்த வாயை மூட ரெண்டு ஆள் வேணும்.

"ஊமையப்பரே, சீட்டும் பொய்யாகக் கூடாது, இவளும் பொய்க்காரி ஆகக் கூடாது. இன்னிக்குள்ள வழி சொல்லும். இல்லேன்னா இவளோட சேர்ந்து நீரும் எல்லையைத் தாண்டும்."

"அதுக்கென்ன மகாராஜா. முன்னே எப்படிச் சோதிச்சு முத்திரை வச்சீங்களோ, அப்படியே இன்னொரு தரம் சோதிப்போம்."

எல்லாரும் மைதானத்துக்குப் போனாங்க. ராஜா முன்னால நடக்காத சோதனைக்கு அங்கே முத்திரை கிடையாது. ராஜா வாசல் தாண்டினா வெண்கொற்றக் குடை விரிஞ்சே ஆகணும். ரெண்டும் பரம்பரை வழக்கம். குடையும் சின்னக் குடையா என்ன, கல்யாணப் பந்தல் அகலம். சேவகன் ஒருத்தன் பேச்சி பானையில இருந்தே பூச்சை அள்ளி அள்ளிப் பூசிக்கிட்டு ராஜா காலடியில உக்காந்தான். ஊமையப்பர் மடப்பள்ளியில இருந்து தோசைமாவு வரவழைச்சாரு. வழுக்கைத் தலையில வழிச்சுக்கிட்டு அவன் பக்கத்துல உக்காந்தாரு.

உச்சிவெயில் கொளுத்துச்சு. சேவகன் முதுகுல ஒரு சிவப்பு இல்லை. ஊமையப்பர் தலையும் அப்படித்தான்.

"ஏன்யா, தோசைமாவும் அம்பதா?"ன்னாரு ராஜா.

"நல்லாப் புளிச்சா அறுபது வரும் மகாராஜா. இதுக்கும் ஒரு முத்திரை வைங்க."

ராஜா தோசைமாவைப் பார்த்தாரு. தரையில நிழலைப் பார்த்தாரு. அப்புறம் மெதுவா அண்ணாந்து குடையைப் பார்த்தாரு.

"அடப்பாவி. அப்ப இத்தனை நாளா நாம சோதிச்சது..."

"பூச்சையும் குடையையும் சேர்த்து. அதனால சீட்டு பொய்யில்லை. இவளுக்கு வித்தது வெறும் பூச்சு. அதனால இவளும் பொய் சொல்லலை. அனந்தப்பர்தான் பாதிச் சரக்கைக் கொடுக்காம விட்டுட்டாரு."

"பானைக்கு ஒரு குடை யாரு கொடுக்கறது?"ன்னு சீறினாரு அனந்தப்பர்.

"அப்ப சீட்டு பொய்யின்னு நீங்களே சொல்லிருங்க. சொன்னா என்ன அர்த்தம்னு காலையில நீங்கதான் விளக்கினீங்க."

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சு, கழுத்து மாலையைக் கழட்டி ஊமையப்பருக்குப் போட்டாரு. மாலையில மாவு ஒட்டிக்கிச்சு.

ஊமையப்பர் ஒரு தாழங்குடையை விரிச்சு வியாபாரி கையில கொடுத்தாரு. "குடை தானா நிக்காது, பிடிக்க ஆள் வேணும். பேச்சி பானை தீர்ற வரைக்கும் அவ தலைக்கு மேல நீங்களே பிடிங்க. அவ இறங்கற பாத்தியில எல்லாம் நீங்களும் இறங்கணும்."

அனந்தப்பர் பானைக்குள்ள எட்டிப் பார்த்தாரு. அடியில கொஞ்சம்தான் கிடந்துச்சு. "ரெண்டு நாள்ல தீர்ந்துரும்"னு மூச்சு விட்டாரு.

ஊமையப்பர் அங்கே கிடந்த விளக்குமாத்துல இருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி பேச்சிகிட்ட நீட்டினாரு.

"இதால தொட்டுப் பூசிக்கோ தாயி."