கிணறு வெட்டுகிறவனின் காப்புப் பணம்

முன்னொரு காலத்தில் செங்குன்ற நாட்டை வல்லபகேசரி என்ற அரசன் ஆண்டுவந்தான். காலையில் கொடுத்ததை மாலையில் பிடுங்குவான். சிரிப்பு வந்தால் மறுபடி கொடுப்பான்.

ஐப்பசி மழை கொட்டிய ஒரு நாள் அவையில் இருந்தவர்கள் இவர்கள்: அரசன், அமைச்சர் தத்தனார், கருவூலத் தலைவர் மருதவாணர், வாயிற்காவலர் இருவர், விசிறி வீசுகிற பெண் ஒருத்தி, கீழே ஈரத் தரையில் கிணறு வெட்டும் சங்கிலியாண்டி. ஆக ஏழு பேர். மருதவாணருக்கு இரண்டு மாதமாக முழங்கால் வலி. அதனால் மெத்தையில் காலை நீட்டியிருந்தார்.

சங்கிலியாண்டிக்கு நீட்டுவதற்குக் கால் ஒன்றுதான் இருந்தது. ஆடியில் கிணற்றுக்குள் பாறை சரிந்து மற்றதை வாங்கிக்கொண்டது.

வீட்டை அடகு வைத்துக் கருவூலத்தில் கடன் வாங்கியிருந்தான். சம்பளம் தர முதலாளி இல்லாத பிழைப்பு; தண்ணீர் கண்டால்தான் கூலி. முடங்கிப்போனால் கடன் தவணையைக் கருவூலமே கட்டும் என்று மருதவாணர் ஒரு காப்பு விற்றார். அதை நம்பி மாதாமாதம் பணம் கட்டினான். கால் போன பிறகு கருவூலம் கையை விரித்துவிட்டது. இன்று பொழுது சாய்ந்தால் வீட்டுக்குப் பூட்டு. வாசலில் சேவகர்கள் நிற்க, உள்ளே மனைவி செவந்தி தனியாக இருந்தாள்.

"இரண்டு விதக் காப்பு இருந்ததாமே. எதில் சேர்ந்தாய்?" என்று தத்தனார் கேட்டார்.

"ரெண்டு காசு காப்புலங்க, சாமி. மத்தது அஞ்சு காசு. என்ன வித்தியாசம்னு கேளுன்னு வீட்டுல சொன்னா. நான்தான் கூச்சப்பட்டு விட்டுட்டேன்."

"ஐந்து காசுக் காப்பு, அவனவன் தொழிலைச் செய்ய முடியாமல் போனால் கொடுக்கும்," என்றார் மருதவாணர். "இரண்டு காசுக் காப்பு, எந்த வேலையுமே செய்ய முடியாமல் போனால்தான். இவனுக்குக் கை இருக்கிறது. வயலில் உட்கார்ந்து காக்கை விரட்டலாமே!"

அரசன் தொடையில் தட்டிச் சிரித்தான். "காக்கை விரட்ட என்னப்பா கொடுப்பார்கள்?"

"ஒரு வேளைக் கூழுங்க, மகராசா. அதுல தவணை எப்படிங்க கட்டுறது?"

அரசனின் சிரிப்பு அடங்கவில்லை. அமைச்சர் எழுந்தார்.

"அருமையான விதி, அரசே! ஊருக்கு மட்டும் ஏன்? அரண்மனைச் சம்பளக்காரர்களுக்கும் வைத்தால் கருவூலம் நிறையும். என்ன சொல்கிறீர், மருதவாணரே?"

"ஆகா! என் விதி எங்கும் செல்லும்!"

அரசன் அப்போதே அதை ஆணையாக்கி முத்திரை மோதிரத்தை மெழுகில் அழுத்தினான். அமைச்சரும் கைவிட்டார் என்று நினைத்துச் சங்கிலியாண்டி ஊன்றுகோலைத் துழாவி எடுத்தான்.

"பொறு, அப்பா," என்ற தத்தனார் மெத்தைப் பக்கம் திரும்பினார். "மருதவாணரே, கருவூலப் படி ஏற முடியவில்லை என்று இரண்டு மாதமாக வீட்டிலிருந்தே முழுச் சம்பளம் வாங்குகிறீர். கை நன்றாகத்தானே இருக்கிறது? லாயத்தில் உட்கார்ந்தபடி குதிரைக்குக் கொள்ளு புடைக்கலாமே! எந்த வேலையும் வேலைதான்."

மருதவாணர் பதறிப்போனார். "நான் கருவூலத் தலைவன் ஐயா! லாயக்காரன் இல்லை!"

"அவனும் கிணறு வெட்டுகிறவன். காக்கை விரட்டுகிறவன் இல்லை."

அரசனுக்குக் கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. "முறத்தைப் பிடிக்கிறீரா, விதியை மாற்றுகிறீரா?"

"மாற்றிவிடுகிறேன், அரசே," என்றார் மருதவாணர், ஈனக்குரலில்.

"மாற்றும். இவன் தவணையையும் கட்டும். இவனைக் காக்கை விரட்டச் சொன்னதற்காக ஒரு மாதம் கொள்ளும் புடையும்!" அரசன் தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சரிடம் நீட்டினான்.

"மாலை வேண்டாம், அரசே. இதே விதியால் முன்பு வீடு இழந்தவர்கள் ஒன்பது பேர். அவர்களைத் தேடச் சொல்லுங்கள்."

சங்கிலியாண்டியின் வாசலைவிட்டுச் சேவகர்கள் போனார்கள். மாதம் முழுக்கத் தேடினார்கள். கண் மங்கிய தட்டார் ஒருவர், கை நடுங்கும் நாவிதர் ஒருவர், இடுப்பு முறிந்த தச்சர் ஒருவர் வந்து சேர்ந்தார்கள். மற்ற வீடுகளில் வேறு யாரோ குடியிருந்தார்கள். முன்பு இருந்தவர்கள் எந்தத் திக்கில் போனார்கள் என்று அக்கம்பக்கத்தாருக்கும் தெரியவில்லை. சங்கிலியாண்டி போவோர் வருவோரிடமெல்லாம் அவர்கள் பெயரைச் சொல்லி விசாரித்துப் பார்த்தான்.

மீதி ஆறு பேர்.