ஐந்தாம் மேட்டின் நிமிஷம்

"சடையன் பேரை லிஸ்டிலிருந்து எடுத்துருங்க டீச்சர்," என்றான் வீரணன்.

காலையிலிருந்து ஐந்தாம் மேட்டில் இருந்து குரலே இல்லை. அந்தப் பக்கம் காடு புகைந்துகொண்டிருந்தது.

மலையில் டவர் கிடையாது. தீக்காவலுக்கு மேட்டுக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஒரு வாக்கி டாக்கி. ஐந்தாம் மேடு பேசினால் நாலாம் மேட்டுக்கு மட்டும்தான் கேட்கும். நாலு மூன்றுக்குச் சொல்லணும். இப்படியே அடிவாரம் வரை.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் இரைச்சல்தான். அதனால் மணிக்கு ஒரு தடவை, ஆளுக்கு ஒரு நிமிஷம் என்று அடிவாரப் பள்ளிக்கூடத்து ரஞ்சிதம் டீச்சர் லிஸ்ட் போட்டுப் பிரித்துக் கொடுத்திருந்தார். மற்ற நேரம் செட்டை அணைத்துவிட வேண்டும். பேட்டரி அவ்வளவுதான்.

ஐந்தாம் மேட்டுச் சடையனுக்கு ஐந்தாவது நிமிஷம். அதைக் கேட்க வேண்டியவன் நாலாம் மேட்டு வீரணன். செட்டைப் போட்டான், ஒன்றும் வரவில்லை, அணைத்தான். ஆறு தடவை.

தகவல் தெரிந்துதான் டீச்சரே நாலாம் மேட்டுக்கு ஏறி வந்திருந்தார். வீரணனைவிடப் பத்து வயது சின்னவர்.

"உங்க வாட்ச் சரியா ஓடுதாண்ணே?"

"செகண்டு பிசகாது."

"அதை வச்சு யார் பேசினதைக் கேட்டீங்க?"

வீரணன் தன் வாட்ச்சைப் பார்த்தான்.

"அவன் வாட்ச் பழசு. பின்னாடி ஓடும்," என்றான்.

"எவ்வளவு?"

"தெரியாது."

"அப்ப இந்த ஒரு மணி நேரம் அணைக்காதீங்க."

"பேட்டரி செத்துரும்."

டீச்சர் தன் செட்டைத் திறந்தார். பேட்டரியை உருவி அவன் மடியில் போட்டார்.

சடையன் கிடைத்ததும் முதலில் வாட்ச்சைத் திருத்தச் சொல்லணும் என்றார். ஆள் கூட்டி வரக் கீழே இறங்கிவிட்டார்.

ஐந்தாவது நிமிஷம். இரைச்சல்.

பத்தாவது நிமிஷம். இரைச்சல்.

பதினாறாவது நிமிஷத்தில் ஓர் இருமல்.

"ஐந்தாம் மேடு. ஏழாவது தடவையா கூப்பிடுறேன். என் நிமிஷத்துலதான் கூப்பிடுறேன். யாராச்சும் இருக்கீங்களா? தீ ரெண்டு பக்கமும் வந்துருச்சு."

வீரணன் வழி சொன்னான். பாறைக்குப் பின்னால் இறங்கணும், ஓடையை விடக்கூடாது, ஓடை நாலாம் மேட்டுக்குத்தான் வரும். தான் எங்கேயும் போகப் போவதில்லை என்றும் சொன்னான்.

நிமிஷம் முடிந்தது. சடையனின் செட் அணைந்தது.

வாட்ச்சைத் திருத்தச் சொல்லும்படி டீச்சர் சொல்லியிருந்தார். வீரணன் சொல்லவில்லை.

தன் வாட்ச்சைக் கழற்றி, முள்ளைப் பதினொரு நிமிஷம் பின்னால் தள்ளினான்.