நாலு வரிக் குளியல்

முன்னொரு காலத்தில் மாங்காவனம் என்ற நாட்டை இடும்பவர்மன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் போட்ட உத்தரவு மாலையில் அவனுக்கே நினைவிருக்காது.

அவன் நீராடும் குளத்துக்கு ஆறு மதகுகள். எதை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று ஓலையில் வரிவரியாக எழுதித் தருபவள் நீலாயி. ஓலையில் உள்ளதை மட்டுமே மதகுக்காரர்கள் செய்யவேண்டும், மீறினால் தலை போகும் என்பது ராஜ உத்தரவு.

ஒருநாள் நீலாயி சபையில் கைகூப்பினாள். "மகாராஜா, அணையும் தேரும் செய்யும் பொறிவல்லார் வரிசையில் எனக்கும் ஓர் ஆசனம் தாருங்கள்."

அந்தக் குளத்தைக் கட்டிய தலைமை ஆச்சாரி விடங்கருக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. "இவள் கல் தூக்கினாளா, மரம் இழைத்தாளா? ஓலையில் கிறுக்குவதெல்லாம் பொறிவேலையா? அதிலும் ஒரு குளியலுக்கு நாற்பது வரி! நான் நாலே வரியில் முடிப்பேன்."

"முடித்துவிட்டால் நீலாயி நெல் குத்தப் போகட்டும்!" என்றான் ராஜா உற்சாகமாக.

நீலாயி சொன்னாள்: "சரி மகாராஜா. ஆனால் எழுதியவரும் கூடவே குளத்தில் இறங்கவேண்டும்."

"அதற்கென்ன!" என்று சிரித்தார் விடங்கர்.

மறுநாள் விடங்கர் நாலு வரி ஓலையைக் கொடுத்துவிட்டு ராஜாவோடு குளத்தில் இறங்கினார். ஆறு மதகும் திறந்தன. தண்ணீர் இடுப்புக்கு வந்தது. ராஜா பாடினான். மார்புக்கு வந்தது. பாட்டு நின்றது.

"போதும், மூடுங்கடா!"

மதகுக்காரர்கள் ஓலையைத் தூக்கிக் காட்டினார்கள். "ஓலையில மூடச் சொல்லலியே மகாராஜா! செஞ்சா தலை போயிடுமே!"

"குளம் நிறைந்தால் மூடவேண்டும் என்று தெரியாதா?" என்று கத்தினார் விடங்கர், ராஜாவைத் தோளில் சுமந்தபடி.

கரையில் நின்ற நீலாயி எழுத்தாணியை எடுத்து ஓலையில் ஐந்தாவது வரி எழுதினாள். மதகுகள் மூடின.

ராஜா மூச்சு வாங்கக் கேட்டான்: "உன் நாற்பது வரியில் அப்படி என்னதான் இருக்கிறது?"

"குளிப்பதற்கு நாலு வரி மகாராஜா. மிச்சமெல்லாம், ஏதாவது தவறினால் என்ன செய்வது என்பதற்கு."

ராஜா விடங்கரைப் பார்த்தான். "ஆச்சாரி, அணை கட்டும்போது நீர் யோசிப்பதும் இதைத்தானே?"

விடங்கர் தலைகுனிந்தார். "அதேதான் மகாராஜா."

அன்று சபையில், ஈரத் தலையோடு அவரே நகர்ந்து உட்கார்ந்து, "இப்படி வந்து உட்காரும்மா" என்று தம் பக்கத்தில் இடம் விட்டார்.